பாதியில் நிற்கும் சங்கிலி

அன்பு மகள் கயல்விழிக்கு,

நீ அனுப்பிய இரண்டு அறிக்கைகளையும் நிதானமாகப் படித்தேன். ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 5.1 சதவீதம், சிவப்பணுவின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. 63, ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் 41/42 என்ற இடத்தில் மாற்றம். அந்தச் சங்கிலி போதாமல் போகும் பரம்பரை ரத்த நோயான பீட்டா தலசீமியாவை நீ கடத்துபவள், நோயாளி அல்ல. “என் உடம்பில் ஒரு மரபணு வேலையே செய்யவில்லை அப்பா” என்று எழுதியிருந்தாயே, அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அந்தப் பழுதான பிரதியை உன் செல்கள் எத்தனை ஜாக்கிரதையாகக் கையாள்கின்றன என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

உன் மரபணுவில் விடுபட்டிருப்பவை நான்கே எழுத்துகள். மரபணுவின் நகலான தூதுவ ஆர்.என்.ஏ.வை, புரதம் கட்டும் ரைபோசோம் மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. நான்கு எழுத்து போனால் அதன்பின் வருவதெல்லாம் இடம் பிசகிவிடும். 146 அமினோ அமிலங்கள் கோக்கப்பட வேண்டிய சங்கிலியில் 59ஆம் இடத்திலேயே நிறுத்தக் குறி வந்துவிடுகிறது. அப்படியானால் குறைச் சங்கிலிகள் குவிந்து கிடக்குமே என்று தோன்றும். குவிவதில்லை. அந்தத் தூதுவ ஆர்.என்.ஏ.வையே செல் தேடி அழித்துவிடுகிறது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் எனக்கு இன்றும் அலுக்காத பாடம். இந்த மரபணுவில் புரதத்துக்கான குறிப்பைத் தாங்கிய பகுதிகள், அதாவது எக்ஸான்கள், மூன்று. இடையில் உள்ள, குறிப்பில்லாத இன்ட்ரான்களை ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கி மூன்றையும் ஒட்டும்போது, ஒவ்வொரு ஒட்டுக்கும் ஏறத்தாழ 20 முதல் 24 எழுத்துகள் முன்னால் ஒரு புரதத் தொகுதி தங்கிவிடுகிறது. முதலில் படித்துவரும் ரைபோசோம் வழியிலுள்ள தொகுதிகளைத் தட்டி அகற்றிக்கொண்டே போகும். நிறுத்தக் குறி முறைப்படி கடைசி எக்ஸானில் இருந்தால், ரைபோசோம் நிற்கும் நேரத்தில் ஒரு தொகுதியும் மிச்சமிராது. உன்னுடையதில் ரைபோசோம் இரண்டாம் எக்ஸானிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் ஒரு தொகுதி அகலாமல் அப்படியே இருக்கிறது. அந்த மிச்சம்தான் துப்பு. யு.பி.எஃப்.1 என்ற புரதமும் அதன் கூட்டாளிகளும் அதைப் பிடித்துக்கொள்ள, நொதிகள் வந்து ஆர்.என்.ஏ.வைத் துண்டாடிவிடுகின்றன. கடைசி ஒட்டுக்கு 50-55 எழுத்துகளுக்கும் முன்னதாக நிறுத்தக் குறி வந்தால் பெரும்பாலும் இதுதான் கதி.

1979இல் ஈஸ்டிலும், 1981இல் தலசீமியா நோயாளிகளின் எலும்பு மஜ்ஜைச் செல்களிலும் இந்த ஆர்.என்.ஏ. விரைவில் சிதைவதைக் கண்டார்கள். மஜ்ஜை ஆய்வைச் செய்தவர்களில் முதன்மையானவர் லின் மக்வாட். 2021இல் வுல்ஃப் பரிசு பெற்றவர்களில் ஒருவர். ஒரு நோயின் புதிரில் தொடங்கி, எல்லா மனிதச் செல்களிலும் நடக்கும் ஒரு காவல் பணியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இந்த அழிப்பு உனக்கு நல்லதா என்று கேட்பாய். 121ஆம் இடத்தில் நிறுத்தக் குறி வரும் மாற்றம் ஒன்று உண்டு. அது கடைசி எக்ஸானில் இருப்பதால் அதற்கு அப்பால் தொகுதி எதுவும் இல்லை. செல்லுக்குத் துப்பும் கிடைப்பதில்லை. குறைச் சங்கிலி உருவாகி, சரியாக இணைய முடியாமல், சிவப்பணுக்களாக வளர வேண்டிய செல்களுக்குள்ளேயே படிகிறது. அதனால் ஒரு பிரதி பழுதானவர்களுக்கே ரத்தசோகையும் மண்ணீரல் வீக்கமும் வந்துவிடுகின்றன. உனக்கு அந்த நிலை இல்லை. விலங்கியல் வகுப்பில் உன்னைப் போன்றவர்களின் லீஷ்மன் சாயமிட்ட ரத்தப் படலத்தை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன்: சிறுத்த செல்கள், வெளிறிய நடுப்பகுதி, ஆங்காங்கே நடுவில் புள்ளி வைத்த வட்டங்கள். அந்த ரத்தத்துக்கு உரியவர்கள் நம்மைப் போல் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவர்கள்தான்.

செல்லின் இந்தக் காவலால் ஆகாதது ஒன்று இருக்கிறது. அது பழுதை அழிக்கும். இல்லாத குளோபினைக் கொண்டுவந்து தராது. உன்னிடம் நல்ல பிரதி ஒன்று இருப்பதால் சமாளித்துக்கொள்கிறாய். மாப்பிள்ளையும் கடத்துபவராக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டு பிரதியும் பழுதாகவே வருவதற்கு. அவர்கள் சிந்திக் குடும்பம். சிந்தி மக்களிடையே 619 எழுத்துகள் ஒட்டுமொத்தமாக விடுபட்ட மாற்றம் அடிக்கடி காணப்படுகிறது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நீ இப்போது ஏழாவது வாரத்தில் இருக்கிறாய். இருவரும் கடத்துபவர்கள் என்று தெரிந்தால், நஞ்சுக்கொடியிலிருந்து மாதிரி எடுத்துக் கருவைப் பரிசோதிக்கும் வழி பத்தாவது வாரத்துக்குப் பிறகு இருக்கிறது. அதற்குள் மாப்பிள்ளையின் முடிவு கையில் இருக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை நீயாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்வதைச் செய். ஃபோலிக் அமிலத்தை விடாதே.

இந்த வாரமே மாப்பிள்ளையை அழைத்துப்போய் ரத்தம் கொடுக்கச் சொல். அவரிடம் நானே பேச வேண்டுமென்றாலும் சொல், பேசுகிறேன். அறிக்கை வந்ததும் ஏ2 வரியை மட்டும் அனுப்பாமல் எம்.சி.வி. உள்ள பக்கத்தையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா