சுவரில் இருந்த பெயர்கள்

அன்புள்ள மாப்பிள்ளை,

பேத்தி பிறந்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கட்டும். என் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விடு. பள்ளிக்கூடத்து விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

நாம் படித்த ஓட்டுக் கட்டடத்தை அடுத்த மாதம் இடிக்கிறார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிச் சுவர் விழுந்து மூன்று பையன்கள் இறந்தார்களே, அதற்குப் பிறகு எல்லா ஊரிலும் பழைய கட்டடங்களைக் கணக்கெடுத்தார்கள். நம்முடையதில் மேற்குச் சுவர் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ‘இடித்துவிடுங்கள்’ என்று முதலில் சொன்னவன் நான்தான். உனக்கு வருத்தமாக இருக்கும். பிள்ளைகளை அதன் கீழே உட்கார வைத்துவிட்டு எனக்குத் தூக்கம் வராது.

ஆனால் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் எழுதிய அந்த உபயச் சுவர்! 1958-ல் காமராசர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஆரம்பித்தார்கள். பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, நிலம் என்று ஜனங்கள் முடிந்ததைக் கொடுத்தார்கள். நம் ஊரில் கீற்று போய் ஓடு வந்தது அப்படித்தான். வடக்குத் தெருவில் பழைய வீட்டைப் பிரித்தவர் கொடுத்த மங்களூர் ஓடு. அதில் பாசல் மிஷன், 1865 என்று பதித்திருந்ததைப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடமே அந்த வருஷம் கட்டியது என்று நீ சண்டை போட்டாய். ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம் என்று சார் சொல்லியும் நீ கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் படுத்ததும், ஊரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டதும் அந்த ஓட்டின் கீழேதான்.

அந்தப் பெயர்களை அப்படியே புதுக் கட்டடத்தில் கல்லில் வெட்ட வேண்டும் என்று கேட்டேன். தலைமையாசிரியை சரி என்றார். அப்புறம் இன்னொரு வரியும் கேட்டேன். 1956-ல் மதிய உணவு வந்தபோது, அரசு கொடுத்தது போக மீதியை ஊர்தான் பார்த்துக்கொண்டது. அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை அள்ளித் தனிப்பானையில் போடுவாள். எங்களுக்கே கஞ்சி என்கிற நாளிலும் அந்தப் பிடி குறையாது. உன் அம்மாவும் போட்டிருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. ‘பிடி அரிசி கொடுத்த தாய்மார்கள்’ என்று முதல் வரியாகவே வரட்டும்.

நேற்று நோட்டுப் புத்தகத்தோடு போய் எல்லாப் பெயரையும் எழுதி வந்தேன். காரை உதிர்ந்ததில் நான்கு பெயர் தெரியவில்லை. உன் அப்பா பெயருக்கு நேர் கீழே ‘பெஞ்சு இரண்டு’ என்பது மட்டும்தான் மிச்சம். அது யார் பெயர், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உடனே எழுது.