உன் மோசமான நாளுக்கு அளவெடு, கண்ணா

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். காலை 5 மணிக்கு எழுவது, தியானம், ஓட்டம், டைரி, 30 பக்கம் வாசிப்பு, ராத்திரி திரும்பவும் உடற்பயிற்சி என்று ஒரே நாளுக்குள் இரண்டு நாள் வேலையை அடைத்து வைத்திருக்கிறாய். அதற்குக் கீழே, "மூணு வாரத்துக்கு மேல எதையுமே என்னால தொடர முடியலம்மா, எனக்கு மன உறுதியே கிடையாது" என்று எழுதியிருந்தாயே, அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். எனக்கு அது பிடிக்கவில்லை, அது உண்மையும் இல்லை. பரீட்சைக் காலத்திலும் வேலை தேடி அலைந்த மாதங்களிலும் நீ எப்படித் தாக்குப்பிடித்தாய் என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். உன்னிடம் கோளாறு இல்லை. அட்டவணையில் இருக்கிறது.

அதை நீ ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை, நன்றாகத் தூங்கி எழுந்து, அடுத்த வாரம் முழுக்க இதே தெம்பு இருக்கும் என்று நம்பி எழுதியிருக்கிறாய். சட்டைக்கு அளவு கொடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால், தைத்து வந்த சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காரவே முடியாது. புதன்கிழமை என்று ஒன்று வருமே. கடைசி நேரத்தில் யாராவது ஒரு வேலையை உன் தலையில் கட்டுவார்கள், தலை வலிக்கும், அறைக்கு வந்து சேரும்போது மணி பத்தைத் தாண்டியிருக்கும். அந்தப் புதன்கிழமை ராத்திரி உனக்காக நீ என்ன செய்துகொள்ள முடியும்? அந்த அளவுதான் உன் தினசரிப் பழக்கம். மற்றதெல்லாம் தெம்பு இருக்கும் நாளில் கூடுதலாகச் செய்துகொள்வது. இதற்குமேல் நான் எழுதப் போவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

முதலில் அந்த மூன்று வாரக் கணக்கு. 21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நீயும் அதை நம்பித்தான் 22ஆம் நாள் மனசு உடைந்து போயிருக்கிறாய். அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தபட்சம் 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். அவர் தன் நோயாளிகளிடம் கவனித்ததைத்தான் சொன்னார், ஓடப் போவதைப் பற்றியோ தியானத்தைப் பற்றியோ சோதனை எதுவும் நடத்தவில்லை. பழக்கத்தையே அளந்து பார்த்தவர்கள் பிற்பாடு வந்தார்கள். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரிடம், ஆளுக்கு ஒரு புதுப் பழக்கத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, 12 வாரம் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியிட்டார்கள். யோசிக்காமலே கை தானாகப் போகிற நிலை வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு, அவர்கள் போன வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 254 நாள் வரை இழுத்தது. தண்ணீர் குடிப்பது போன்ற சின்ன விஷயங்கள் சீக்கிரம் ஒட்டிக்கொண்டன, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. அதே ஆய்வில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது அதனால் பெரிதாகத் தடைப்படவில்லை. நீ ஒரு நாள் விட்டதும் மொத்தத்தையும் தூக்கிப் போட்டாயே, அதற்குத் தேவையே இருக்கவில்லை.

சரி, எதிலிருந்து தொடங்குவது. என்னைக் கேட்டால் தூக்கம். அட்டவணையில் நீ எல்லாவற்றுக்கும் நேரம் போட்டிருக்கிறாய், படுக்கும் நேரத்தைக் காணோம். காலை 5 மணிக்கு எழ வேண்டியவன் ராத்திரி 12 மணிக்குப் படுத்தால், மற்ற எல்லா நல்ல பழக்கங்களையும் தூக்கத்திடம் கடன் வாங்கி நடத்துகிறான் என்று அர்த்தம். அந்தக் கடன் சில வாரத்தில் கழுத்தைப் பிடிக்கும். பெரியவர்களுக்கு ராத்திரி 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் 2015இல் கூடிப் பேசி அறிவித்தார்கள். அட்டவணையில் நீ என்ன எழுதினாலும் உடம்புக்கு அது தெரியாது. அது தன் 7 மணி நேரத்தைக் கேட்கத்தான் செய்யும்.

தூக்க விஷயத்தில் நீ முதலில் செய்ய வேண்டிய உருப்படியான காரியம், எழும் நேரத்தை நிலையாக வைப்பது. படுக்கும் நேரம் எப்போதும் உன் கையில் இருக்காது, எழும் நேரம் பெரும்பாலும் இருக்கும். லீவு நாளிலும் அதிலிருந்து ரொம்ப விலகாதே. எழுந்ததும் வெளிச்சத்தில் போய் நில், ஜன்னல் ஓரமோ மொட்டை மாடியோ எங்கே வெளிச்சம் இருக்கிறதோ அங்கே. உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது ஒவ்வொரு நாளும் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது. (அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று பேருக்குத்தான் 2017இல் மருத்துவ நோபல் கொடுத்தார்கள்.) அப்புறம் காபி. குடித்து ஐந்து, ஆறு மணி நேரம் கழித்தும் அதில் பாதி காஃபீன் உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். 2013இல் ஒரு ஆய்வில் படுப்பதற்கு 6 மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்துப் பார்த்தார்கள், தூக்கத்தில் 1 மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. அது பெரிய அளவுதான், மூன்று நான்கு கப் காபிக்குச் சமம், ஆனால் சாயங்காலம் வேலையில் உட்கார்ந்து நீ எத்தனை கப் குடிக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

போனை வேறு அறையில் சார்ஜ் போடு. ஒரே அறைதான் என்றால் படுக்கையிலிருந்து கை எட்டாத மூலையில். ராத்திரி போனைப் பார்க்கக் கூடாது என்று தினமும் மனசோடு மல்லுக்கட்டுவதைவிட, எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டும் என்ற சின்னச் சிரமத்தை ஒரு தடவை ஏற்படுத்தி வைத்துவிடுவது மேல். மன உறுதி என்று நீ நினைப்பதில் பாதி, பொருளை எங்கே வைத்திருக்கிறோம் என்பதுதான்.

இதற்கும் ஆதாரம் இருக்கிறது. வெண்டி வுட் என்ற உளவியலாளர், ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களைக் கவனித்தார். உடற்பயிற்சி, செய்தித்தாள் வாசிப்பு, டிவி மாதிரியான பழக்கங்கள் புது இடத்தில் தொடர்ந்தனவா என்று பார்த்தால், சூழ்நிலை பழையபடியே அமைந்தவர்களுக்குத் தொடர்ந்தன, சூழ்நிலை மாறியவர்களுக்கு அறுந்தன. நீ வீடு மாறிய மாதத்தில்தான் உன் நடைப் பழக்கம் நின்றது, ஞாபகம் இருக்கிறதா? அதை நீ சோம்பேறித்தனம் என்று உன்மேலேயே எழுதிக்கொண்டாய். பழைய வீட்டில் ஷூ வாசலில் இருந்தது, கீழே இறங்கியதும் பாதை. புது இடத்தில் அந்த இரண்டும் இல்லை, அவ்வளவுதான். ஷூவைத் திரும்ப வாசலில் வை.

புதுப் பழக்கத்தைக் கடிகாரத்தில் மாட்டாதே. 6.15க்கு என்று எழுதினால் 6.40 ஆனவுடனே இன்றைக்குப் போச்சு என்று மனசு கையை உதறிவிடும். ஏற்கெனவே தவறாமல் நடக்கிற ஒன்றின் வாலில் கட்டு. பல் தேய்த்து முடித்ததும் கழுத்தையும் தோளையும் இரண்டு நிமிஷம் அசைப்பேன், ஆபீஸ் பையை வைத்ததும் உட்காராமல் ஷூ போட்டுக்கொண்டு கீழே இறங்குவேன், போனைச் சார்ஜில் போட்டதும் பல் தேய்ப்பேன், இப்படி. இது நடந்தால் அது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பவர்கள், வெறுமனே செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். எளிய விஷயம்தான். அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை என்பதால் வேலை செய்கிறது.

ராத்திரி பல் தேய்ப்பதைச் சும்மா சேர்க்கவில்லை. சுயபராமரிப்பு என்றாலே மெழுகுவர்த்தியும் முகத்துக்குப் பூசுகிற கிரீமும் என்று விளம்பரங்கள் காட்டுகின்றன. வாங்கித்தான் உன்னைப் பார்த்துக்கொள்ள முடியும் என்ற எண்ணமே எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. உன்னை நிஜமாகக் காப்பாற்றுகிற காரியங்கள் பெரும்பாலும் சுவாரசியம் இல்லாதவை. ஃபுளோரைடு பேஸ்ட்டில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு நிமிஷம் பல் தேய்ப்பது, தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிற கண் பரிசோதனைக்குப் போவது, படுக்கை விரிப்பைத் துவைப்பது, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது, பார்க்கப் பயந்து திறக்காமல் வைத்திருக்கிற அந்தக் கடிதத்தைத் திறப்பது. இவை எதையும் யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. 150 என்றால் நாளுக்குச் சுமார் 22 நிமிஷம் வேகமாக நடப்பது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிஷமாவது இருந்தால்தான் கணக்கில் வரும் என்பார்கள், அந்த நிபந்தனையையும் அப்போது எடுத்துவிட்டார்கள், ஆக மாடிப்படி ஏறுவதும் சேரும். நீயோ முதல் வாரமே 5 கிலோமீட்டர் ஓடப் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். புதன்கிழமைக்கு உன் அளவு, ஷூ போட்டுத் தெரு முனை வரை போய்த் திரும்புவது. அதோடு நிறுத்தினாலும் அன்றைய கணக்கு முடிந்தது. பாதி நாள் நீ அதோடு நிறுத்த மாட்டாய், அது வேறு விஷயம், ஆனால் நிறுத்தலாம் என்ற அனுமதி நிஜமாகவே இருக்க வேண்டும். ஏமாற்றி அழைத்துப் போகிற தந்திரமாக அதை வைத்துக்கொண்டால் மனசு இரண்டாவது வாரமே கண்டுபிடித்துவிடும்.

தொடர்ந்து எத்தனை நாள் செய்தாய் என்று எண்ணிக் காட்டுகிற ஆப் வைத்திருக்கிறாய் அல்லவா, அது உனக்கு நல்லது செய்யவில்லை என்றே நினைக்கிறேன். சிலருக்கு உதவும். உனக்கு, எண் பூஜ்யத்துக்குப் போன அன்றே ஆர்வமும் பூஜ்யமாகிறது. காய்ச்சல் வரும், பயணம் வரும், யாருக்காவது ஆஸ்பத்திரியில் துணை இருக்க வேண்டி வரும். விட்டுப்போன நாள்களை அடுத்த வாரம் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டவே ஈடுகட்டாதே. உடம்பு சரியானதும் தெரு முனை வரை. அங்கிருந்து திரும்பத் தொடங்கு.

அட்டவணையில் மனுஷர்களும் இல்லை, கவனித்தாயா? எல்லாமே தனியாகச் செய்கிற காரியங்கள். தனிமை உடல்நலப் பிரச்சினை என்று இப்போது உலகம் முழுக்கப் பேசுகிறார்கள், உலக சுகாதார நிறுவனமே 2023இல் இதற்கென்று ஒரு ஆணையம் அமைத்தது. நடக்கும்போது ஒரு நண்பனைக் கூப்பிட்டுப் பேசு. அது தியானத்தைவிடக் குறைந்த விஷயம் இல்லை. நான் பொழுது போகாமல் இருக்கிறேன், என்னையும் கூப்பிடலாம், ஆனால் உன் வயசுக்காரர்கள் உனக்கு வேண்டும்.

இன்னொன்று, இதை நீ கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்கள் மனசு கனத்தே இருக்கிறது, பிடித்தவற்றில்கூட ஆர்வம் இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, குளிக்கக்கூட எழ முடியவில்லை என்றால், அது பழக்கத்தின் பிரச்சினை இல்லை. அட்டவணையைத் திருத்திக்கொண்டு உட்காராதே, டாக்டரைப் பார். மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது, நன்றாகக் குணமும் ஆகிறார்கள். செத்துப்போய்விடலாம் என்ற மாதிரி ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றைக்கே, எந்த நேரமாக இருந்தாலும், எனக்குப் போன் பண்ணு. என்ன நினைப்பேனோ என்று யோசிக்காதே. நீ தெம்பாக இருக்கும் நாளில் இதை எழுதி வைக்கிறேன், தேவைப்படுகிற நாளில் கையில் இருக்கட்டும் என்று.

இப்போதைக்கு அந்த அட்டவணையிலிருந்து இரண்டே இரண்டை மட்டும் வைத்துக்கொள். ஒன்று எழும் நேரம், 5 மணி வேண்டாம், உன் தூக்கம் முழுசாகிற நேரம். இன்னொன்று உன் விருப்பம். யோசிக்காமல் கை போகிற வரை மூன்றாவதைச் சேர்க்காதே, அதற்கு எத்தனை மாதம் ஆனாலும் சரி. டைரியும் வாசிப்பும் எங்கேயும் ஓடிவிடாது. அந்த இரண்டாவது எது என்று முடிவு செய்ததும் எனக்கு ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
அம்மா