அத்தானுக்கு, மியாட்டாவைப் பற்றி

அத்தான்,

ரோட்டில் கிடந்த உப்பை மழை கழுவிவிட்டது, சித்திரையும் பிறந்துவிட்டது. உங்கள் மியாட்டாவை, அந்தக் கூரை மடிக்கிற மஸ்டாக் காரை, விற்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். “வித்துப்போட்டுக் காசை அக்காட்டைக் குடு” என்று நீங்கள் அனுப்பிய மெசேஜுக்கு இதுதான் பதில். பிந்தியதற்கு மன்னியுங்கள். பிந்தியதற்குக் காரணம் நீங்களும்தான். அதை இங்கே விரிக்க விருப்பமில்லை. இதை அக்காவும் வாசிப்பாள், அவளைத் தெரிந்த, ரொறன்ரோவின் அரைவாசி ஸ்காபரோவும் வாசிக்கும்.

ஆகவே காரைப் பற்றி மட்டும்.

“ஓடாத காருக்கு என்னடா சேர்விஸ்?” என்பீர்கள். மீற்றரில் 83,000 கிலோமீற்றர்தான். 1992ஆம் ஆண்டுக் காருக்கு இது ஒன்றுமேயில்லை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் வாயைப் பிளக்கிறார்கள். அந்த இலக்கத்தைக் காட்டிக் காட்டியே நீங்கள் ஒன்றும் செய்யாமல் விட்டீர்கள். ரப்பரும் பிறேக் ஒயிலும் கார் நின்றாலும் பழுதாகும் சாமான்கள், அத்தான். சில நேரம் நிற்பதாலேயே கெதியாகப் பழுதாகும்.

ஃபோர்க்ஸ் ஒஃப் த கிரெடிட் ரோட்டில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒக்ரோபர் மாதம், கூரையை மடித்துவிட்டுப் போனோம். அந்தக் கொண்டையூசி வளைவு முடிகிற இடத்தில் கிளச்சை மிதித்தீர்கள், பெடல் கீழேயே கிடந்தது. சப்பாத்து நுனியை அதற்குக் கீழே கொடுத்து மேலே இழுத்துப் பார்த்தீர்கள். திரும்பவும் விழுந்தது. கரையில் நிறுத்திவிட்டு, “பயப்பிடாதை தம்பி, வீட்டை போகலாம்” என்றீர்கள். எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் போட்டுத் திறப்பைத் திருப்பினீர்கள். கார் ஒருதரம் குதித்துவிட்டு ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு கிளச்சே இல்லாமல் கியர் மாற்றினீர்கள். என் கையைக் கியர்த் தடியில் வைத்து, அதன்மேல் உங்கள் கையை வைத்து, “சத்தத்தைக் கேள். இப்ப. இப்ப விழும்” என்றீர்கள். விழுந்தது. பல் உராயவேயில்லை. சிவப்பு லைற்றுகளைத் தூரத்திலேயே கண்டு, உருட்டி உருட்டிப் போய், பச்சை விழும்போது சரியாக அங்கே நின்றோம். 410 நெடுஞ்சாலை, பிறகு 401, பிறகு வீடு. ஏன் பிந்தினது என்று அக்கா கேட்டாள். “ரபிக்” என்றீர்கள். நானும் தலையை ஆட்டினேன். (அக்கா, இப்போதுதான் உனக்குத் தெரிகிறது. விடு.)

அப்படியொரு ஓட்டுநரை நான் இன்னும் காணவில்லை. ஆனால் அந்த இரவு வந்திருக்கவே தேவையில்லை. கிளச்சை ஒயிலால் தள்ளும் அந்தச் சிலிண்டரை நான்தான் கழற்றினேன். உள்ளே ஒயில் சாயம் ஏறிய பிளேன்ரீ நிறத்தில் இருந்தது. பிறேக்குக்கும் கிளச்சுக்கும் ஊற்றுவது ஒரே சாமான்தான், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். உறிஞ்சினால் சிலிண்டருக்குள் துரு பிடிக்கும், துரு ரப்பரைத் தின்னும். டொட் 3 தரப் பிறேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140தான். கிளச் போனால் உங்களைப் போல வீட்டுக்கு ஓட்டி வரலாம். பிறேக் ஒயில் கொதித்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் கெட்டித்தனத்தைப் பார்த்தே நாங்கள் எல்லோரும் உங்கள் கவனயீனத்தை மன்னித்துப் பழகிவிட்டோம். இதற்கு மேல் எழுதினால் அது கார்க் கதையாக இராது.

ஆகவே முதல் வேலையாகப் பிறேக், கிளச் இரண்டிலும் ஒயிலை மாற்றிவிட்டேன். இனி இரண்டு வருசத்துக்கு ஒருமுறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

அடுத்தது ரயர். இதற்குத்தான் உங்களிடம் உண்மையாகவே மன்னிப்புக் கேட்கவேண்டும். நீங்கள் ஆசையாகப் பூட்டிய ரயர்கள், பல் அப்படியே இருந்தது, தெரியும். ஆனால் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கம் 2409. 2009ஆம் ஆண்டின் 24ஆவது கிழமை! விரலால் மடக்கிப் பார்த்தால் வெடிப்புக்குள் நகம் போகிறது. கேட்டிருந்தால் வேண்டாம் என்பீர்கள். அதனால் கேட்காமலே மாற்றிவிட்டேன்.

அப்பாவின் கதை வேறு. மாரி முழுக்க ஒவ்வொரு ஞாயிறும் கராஜ் கதவைத் திறந்து, பத்து நிமிசம் ஸ்டார்ட் பண்ணிவிட்டு நிறுத்துவார். உங்கள் காரைப் பார்த்துக்கொள்கிறாராம். எஞ்சின் சரியாகச் சூடாகாமல் நிறுத்தினால் தண்ணீரும் பெற்றோலும் ஒயிலுக்குள்ளேயே தங்கிவிடும் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பற்றரியைச் சார்ஜரில் போட்டு, தாங்கியை நிரப்பி, அரைமணி நேரம் ஓடக்கூடிய நாள் வரும்வரை தொடாமல் விடுவதுதான் சரி. எஞ்சின் ஒயிலை மாற்றினேன். ஒயில் ஃபில்ரர், எஞ்சினுக்குள் காற்றுப் போகும் குழாய்களான இன்ரேக் மனிபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கழற்றினால் சூடான ஒயில் முழங்கை வரை வழியும் என்று நீங்கள் எச்சரித்திருக்கலாம். நல்லாய் ஓடிச் சூடானபிறகு அந்த டிக் டிக் சத்தமும் நின்றுவிட்டது. வால்வுக்கு மேலே இருந்து ஒயில் அழுத்தத்தால் இடைவெளியை நிரப்பும் ஹைட்ரோலிக் லிஃப்ரர்களின் சத்தம்தான் அது. எஞ்சின் முடிந்துபோச்சு என்று பயந்தது வீண்.

பற்றரி பூற்றுக்குள், அதாவது சாமான் வைக்கும் பின்பெட்டிக்குள், இருக்கிற காருக்கு மலிவுப் பற்றரி வாங்கிப் போட்டதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அசிட் ஆவி அடித்துத் தகடு அரித்துவிட்டது. சீற்றுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் இறங்கும் துளைகளில் மேப்பிள் இலை சேறாகிக் கிடந்தது. தடித்த நைலோன் நூலை விட்டுக் குத்தி எடுத்தேன். அடைத்தே கிடந்திருந்தால் கதவுக்குக் கீழே உள்ளிருந்து உக்கியிருக்கும்.

ஸ்பார்க் பிளக்குகளையும் கியர்பொக்ஸ் ஒயிலையும் தொடவில்லை. அவற்றுக்கு உங்கள் மீற்றர் நியாயம் சரி. வால்வுகளை எஞ்சினோடு நேரம் பிசகாமல் ஓட்டும் ரப்பர்ப் பட்டியான டைமிங் பெல்றுக்கு மஸ்டா சொல்வது 60,000 மைல், அதாவது ஏறத்தாழ 96,000 கிலோமீற்றர். தூரம் மிச்சமிருக்கிறது, ஆனால் ரப்பர் பழசு. நல்லகாலம், இந்த 1.6 எஞ்சினில் பெல்ற் அறுந்தாலும் வால்வும் பிஸ்ரனும் முட்டிக்கொள்ளாது. 401இல் கரையில் நிற்கவேண்டிவரும், அவ்வளவுதான். அதனால் அதை அடுத்த மாரிக்குத் தள்ளியிருக்கிறேன். காசும் இல்லை.

கார் இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்தில் மாற்றுவதற்கு உங்கள் கையெழுத்து வேண்டும். கார்ப் பேர்மிற்றின் பின்பக்கத்தில் ஒப்பமிட்டு, மற்றத் திறப்பையும் சேர்த்து அப்பாவின் விலாசத்துக்கு அனுப்புங்கள். விலையை நீங்களே சொல்லுங்கள், அதை அக்காவிடம் கொடுக்கிறேன். பெல்ற் மாற்றும்போது பக்கத்தில் ஆள் நின்றால் நல்லது. வருவதென்றால் நவம்பருக்கு முதல் சொல்லுங்கள், மெசேஜில் இல்லாமல் போனில்.