வரைபடத்தோடு மாடலையும் கேட்டு வாங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெள்ள அபாயப் பகுதி, நீர்நிலைப் புறம்போக்கு என்று எதற்கு வரைபடம் தயாரித்தாலும், இன்று அது ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) மென்பொருளில் பல படிகள் கொண்ட மாடலாக, அதாவது படிகளைப் பெட்டிகளாக வரிசையாகக் கோத்த செய்முறையாக, ஓடித்தான் வெளியே வருகிறது. அரசுத் துறையின் கைக்கு வருவதோ பெரும்பாலும் படமும் லேயர்களும் (ஓடை, ஏரி என்று தனித்தனியான தரவு அடுக்குகள்) மட்டுமே. மாடலைக் கொடுத்தாலும் பெட்டிகளில் 'பஃபர்' (சுற்றிலும் குறிப்பிட்ட தூரத்துக்கு எல்லை போடுவது), 'பஃபர் (2)', 'கிளிப்' (வெட்டி எடுப்பது) என்று மென்பொருள் வைத்த பெயர்களே இருக்கும். செய்தவர் வேலை மாறிப் போனால் அதே வேலைக்கு மறுபடியும் டெண்டர்.

பெட்டிக்கு 'ஓடையின் இருபுறமும் 50 மீ' என்று பெயர் வைப்பது அரை நிமிட வேலை. அந்த 50 எந்த விதியிலிருந்து வந்தது என்பதைக் குறிப்பில் எழுத வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச ஜிஐஎஸ் மென்பொருளின் மாடலில் ஒவ்வொரு படிக்கும் கருத்து எழுத இடம் உண்டு. ஆர்க்ஜிஐஎஸ் என்ற மற்றொரு மென்பொருளின் மாடல்பில்டரில் லேபிள் போடலாம். அங்கே போய் 'பஃபர் எடுக்கிறது' என்று எழுதுவது வீண்; அது பெட்டியைப் பார்த்தாலே தெரியும்.

எந்த யூடிஎம் மண்டலம் (இடங்களை மீட்டரில் அளக்க உலகை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்ததில் ஒன்று) என்பதையும் எழுத வேண்டும். 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை தமிழ்நாட்டின் ஊடே போவதால் கோவை 43ஆம் மண்டலத்திலும் சென்னை 44ஆம் மண்டலத்திலும் வரும். டிகிரி அளவில் இருக்கும் லேயரை அப்படியே உள்ளே விட்டால் கியூஜிஐஎஸ் அந்த 50 மீட்டரை 50 டிகிரியாக எடுத்துக்கொள்ளும். சென்னை ஓடையின் கரை வடக்கே சைபீரியாவுக்குள் போய் நிற்கும். உயரத் தரவும் அப்படித்தான். நாசாவின் எஸ்ஆர்டிஎம் உயரம் கடல்மட்டத்தை ஒட்டியது, இந்தியச் செயற்கைக்கோளான கார்ட்டோசாட்டின் உயரத் தரவு நீள்வட்டத்தை (பூமியின் வடிவத்துக்கான கணித மாதிரியை) ஒட்டியது. தமிழ்நாட்டில் இரண்டுக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம். '5 மீட்டருக்குக் கீழ்' என்ற நிபந்தனைக்கு எஸ்ஆர்டிஎம் தரவுக்குப் பதில் கார்ட்டோசாட் தரவைக் கொடுத்தால் சென்னை முழுக்க மூழ்கியதாகக் காட்டும்.

இவையாவது கண்ணில் பட்டுவிடும். வடிவப் பிழையுள்ள பலகோணம்தான் (ஏரி போன்ற பரப்பைக் குறிக்கும் மூடிய உருவம்) சத்தமில்லாமல் கெடுப்பது. அப்படி ஒன்று வந்தால் ஓட்டத்தை நிறுத்துவதா, அதை விட்டுவிட்டு மேலே போவதா என்பதை மாடலில் தனியே குறிக்காவிட்டால், கியூஜிஐஎஸ் அந்தந்தக் கணினியின் அமைப்பைப் பார்த்து முடிவு செய்யும். 'விட்டுவிடு' என்று ஒருவர் வைத்திருந்தால், எல்லைக்கோடு தன்னையே வெட்டிக்கொள்ளும் ஏரி ஒன்று கணக்கிலிருந்து விழுந்துவிடும். மாடலும் தரவும் ஒன்றே. கணினிக்குக் கணினி பரப்பளவு வேறு. முதல் படியிலேயே வடிவங்களைச் சரிசெய்து, உள்ளே போனவை எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று எழுதி வைத்தால் தப்பிக்கலாம்.

ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வகை இன்னொரு தொல்லை. அதில் தரவு அட்டவணையின் பத்திக்கு வைக்கும் பெயர் பத்து பைட்டுக்கு மேல் நிற்காது; ஒரு தமிழ்க் குறியீட்டுக்கே மூன்று பைட் ஆகும். 'மக்கள்தொகை' என்று வைத்தால் 'மக்' மட்டுமே மிஞ்சும், அடுத்த படி அந்தப் பத்தியைத் தேடிக் கிடைக்காமல் நின்றுவிடும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வகையில் இந்தச் சிக்கல் இல்லை.

எனவே டெண்டர் நிபந்தனையில் மாடல் கோப்பு, மென்பொருள் பதிப்பு, செருகுநிரல்களின் (மென்பொருளில் கூடுதலாகச் சேர்த்த பிளக்இன்களின்) பட்டியல், ஒரு கிராமத்தின் மாதிரித் தரவு, அதற்கு வர வேண்டிய பரப்பளவு ஹெக்டேரில் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். மாடலைச் செய்யாத ஒருவர் வேறொரு கணினியில் ஓட்டி அதே பரப்பளவு வந்த பிறகே கடைசித் தவணையைக் கொடுக்கலாம். மாதிரித் தரவில் வேண்டுமென்றே ஒரு பிழையான பலகோணத்தையும் போட்டு வைக்கச் சொல்ல வேண்டும்.

ஜிஐஎஸ் பணியாளர்கள் சிலர்,
திருச்சி