கேமரா போனதும் மாறிய ஆட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கல்லூரி வினாடி வினா பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஒரே ஒரு வரி உறுத்தியது. பிரிட்டனின் ‘யூனிவர்சிட்டி சேலஞ்ச்’ நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் அமெரிக்கர்கள் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்களாம். நடந்தது நேர்மாறு. 1953இல் அமெரிக்க வானொலியில் தொடங்கிய ‘காலேஜ் பவுல்’தான் மூலம். அது 1959இல் தொலைக்காட்சிக்குப் போனது. அதைப் பின்பற்றி 1962இல் கிரனாடா தொலைக்காட்சி தொடங்கியதுதான் யூனிவர்சிட்டி சேலஞ்ச்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அமெரிக்காவில் 1970இல் தொலைக்காட்சி ஆட்டம் நின்றுபோனது; மாணவர்கள் கேமரா இல்லாமல் தங்களுக்குள்ளேயே ஆடத் தொடங்கினார்கள். பிரிட்டனிலும் 1987இல் நின்றது. ஆனால் 1994இல் பிபிசியில் திரும்ப வந்து இன்றும் ஓடுகிறது. இரண்டு நாட்டு ஆட்டமும் இவ்வளவு தூரம் விலகியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிரிட்டனில் கேள்வி வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்காக எழுதப்படுகிறது. அமெரிக்காவில் ஆடுபவர்களுக்காக மட்டும்.

அங்கே முதுகலை படித்த இரண்டு வருடமும் நான் இதை ஆடியவள். சனிக்கிழமை, காலியான வகுப்பறை, மேசை மேல் வயர் நீட்டிக்கொண்டிருக்கும் பஸ்ஸர் பெட்டி, கேள்வி படிக்க ஒரு சீனியர். பார்க்க ஒரு ஆள் இருக்காது. காலையில் தொடங்கினால் சாயங்காலத்துக்குள் பத்துச் சுற்றாவது ஆடிவிடுவோம். கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு நானே எழுதிய ஒரு மாதிரி:

“1612இல் கலிலியோ இதை நட்சத்திரம் என்று நினைத்துக் குறித்துவைத்தார். இதன் மிகப் பெரிய துணைக்கோள், இது தன்னைத்தானே சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் இதைச் சுற்றி வருகிறது. 1989இல் வாயேஜர் 2 இதைக் கடந்து போனது. லெ வெரியே போட்ட கணக்கை வைத்து 1846இல் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட, சூரியனிலிருந்து மிகத் தொலைவில் உள்ள இந்தக் கோள் எது?”

வானியலில் ஊறியவர் முதல் வரியிலேயே பஸ்ஸரை அழுத்தி ‘நெப்டியூன்’ என்பார். என்னைப் போன்றவர்கள் கடைசி வரி வரை காத்திருப்போம். அரைகுறையாகத் தெரிந்தவரை நன்றாகத் தெரிந்தவர் முந்துவதற்கு வழி வைத்தே கேள்வியை எழுதுகிறார்கள். சில போட்டிகளில் சீக்கிரம் சொன்னால் 10க்குப் பதில் 15 புள்ளி. யூனிவர்சிட்டி சேலஞ்சில் இதே கேள்வி இரண்டு வரியில் முடிந்துவிடும். யார் கை வேகம் என்பதும் அங்கே கணக்கில் வந்துவிடுகிறது.

போனஸிலும், அதாவது பஸ்ஸர் கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்ன அணிக்கு மட்டும் கிடைக்கும் கூடுதல் கேள்விகளிலும், வித்தியாசம் உண்டு. பிரிட்டனில் மூன்று கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 5 புள்ளி. அமெரிக்காவில் ஒவ்வொன்றுக்கும் 10, ஆக 30. பஸ்ஸரில் ஒரு புலி மட்டும் இருந்தால் அணி கரைசேராது. அணியில் உள்ள நாலு பேருக்கும் நாலு துறை கைவசம் இருக்க வேண்டும்.

கட்டுரை தொடாத இன்னொரு விஷயம் எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தனித்தனி அணியாக யூனிவர்சிட்டி சேலஞ்சுக்கு வரலாம். முதல் சுற்றில் இருப்பதே 28 இடம். மான்செஸ்டர் போன்ற பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஒரே அணி. இதை எதிர்த்துத்தான் 1975இல் மான்செஸ்டர் மாணவர்கள் கேட்ட கேள்விகள் பலவற்றுக்கும் மார்க்ஸ், லெனின், டிராட்ஸ்கி, சே குவேரா என்றே பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகும் விதி மாறவில்லை. அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் இரண்டு மூன்று அணிகளை அனுப்பினாலும் எல்லாம் அதன் பெயரிலேயே ஆடுகின்றன.

சரி, ஒன்றையும் மறைக்கக் கூடாது. இப்போது லீட்ஸில் இருக்கிறேன். போன மாதம் ஒரு திங்கட்கிழமை இரவு, பியானோ கற்கும் என் பத்து வயது மகள், இசைக் கேள்வியில் நாலு ஸ்வரம் ஒலித்ததுமே “ஷோபேன்!” என்று இசையமைப்பாளரின் பெயரைக் கத்தினாள். திரையில் அந்த நாலு பேரும் இன்னும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். பதில் சரி என்று தெரிந்ததும் சோபாவில் ஏறிக் குதித்தாள். நான் அவ்வளவு உயர்த்திச் சொன்ன அமெரிக்க ஆட்டத்தில் இந்தக் காட்சிக்கு இடமே இல்லை. அந்த வகுப்பறைக் கதவு சாத்தியே இருக்கும்.

அடுத்த இதழில் அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிடுங்கள். அப்படியே உங்கள் வினாடி வினாப் பக்கத்தில் மேலே காட்டிய மாதிரிக் கேள்வி மாதம் ஒன்றாவது போடுங்கள். எழுதித்தர நான் தயார்.

தங்கள் வாசகி,
லீட்ஸ், இங்கிலாந்து