மைலேஜும் பாடியும்: தூத்துக்குடி நண்பனுக்கு

ஒட்டன்சத்திரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. செகண்ட் ஹேண்டோ என்னவோ, சொந்தமாக ஒரு பிக்கப் எடுத்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் அடுத்தவர் வண்டிக்கு ஸ்டீயரிங் பிடித்தவன் நீ. இனி ஆர்.சி. புத்தகத்தில் உன் பெயர் இருக்கும். தங்கச்சியிடம் நான் ரொம்ப சந்தோஷப்பட்டதாகச் சொல்லு.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டு விட்டு வருகிறது. பெரியவள் பிளஸ் டூ. ராத்திரி நான் லோடு ஏற்றக் கிளம்பும்போதும் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மார்க்கெட்டில் தக்காளி வரத்து பரவாயில்லை. முருங்கைதான் காற்றுக்குப் பூ உதிர்ந்து குறைந்துபோய்விட்டது. கேரளா லோடு எப்போதும் போல ஓடுகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மைலேஜ் ஏன் தேறவில்லை, மீன் தண்ணியில் பாடி அரித்துப்போகாமல் எப்படிக் காப்பது என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால் இரண்டையும் சேர்த்தேதான் யோசிக்க வேண்டும். பாடியைக் காக்க நீ ஏற்றுகிற ஒவ்வொரு கிலோவையும் வண்டி தினமும் சுமக்கிறது, அதற்கு டீசலும் குடிக்கிறது. லோடு இல்லாமல் திரும்பி வரும்போதும் அந்த எடை கூடவே வரும்.

உங்கள் பட்டறைக்காரர் தளம் முழுக்க 3 மி.மீ. செக்கர் பிளேட் (மேலே புடைப்பு வைத்த இரும்புத் தகடு) அடிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். கணக்குப் போட்டுப் பார். இரும்புத் தகடு 1 மி.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 7.85 கிலோ. 3 மி.மீ. என்றால் இருபத்து மூன்றரை. மேலே இருக்கிற புடைப்பையும் சேர்த்தால் 25 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஒன்பதடி நீளம், ஐந்தரை அடி அகலம் என்றால் உன் தளம் 4.6 சதுர மீட்டர். ஆக மொத்தம் 115 கிலோ. ஆர்.சி.யில் எழுதியிருக்கிற மொத்த எடை மாறப்போவதில்லை, அதனால் அந்த 115 கிலோவும் நீ ஏற்றக்கூடிய மீனிலிருந்துதான் கழியும். அதைக் கணக்கில் எடுக்காமல் பழைய அளவே ஏற்றினால் ஓவர்லோடு. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஒரு தடவை மாட்டினாலே மாதச் சம்பாத்தியம் போய்விடும்.

என் வண்டியில் செக்கர் பிளேட் பின் டோரை ஒட்டிய இரண்டடிக்கு மட்டும்தான். லோடுமேன்கள் தக்காளி கிரேட்டை அங்கே வைத்துத்தான் உள்ளே தள்ளுவார்கள், இறக்கும்போது அங்கேதான் இழுப்பார்கள். பெயிண்ட் போவது அந்த இடத்தில்தான். அதற்கு 25 கிலோ போதும். மீதித் தளத்துக்கு 12 மி.மீ. மரைன் பிளைவுட் (தண்ணி தாங்குகிற ஒட்டுப்பலகை), விளிம்பெல்லாம் பெயிண்ட் அடித்து, துண்டு துண்டாகக் கழற்றுகிற மாதிரி போட்டிருக்கிறேன். முழுத் தளத்துக்குப் போட்டாலே பிளைவுட் 40 கிலோவைச் சுற்றித்தான் வரும். காய்கறிக்கு இது தாராளம்.

உனக்கு இது ஆகாது. மீனும் உப்பும் ஏற்றுகிற வண்டிக்கு அடி விழுவதைவிட ஈரம்தான் எமன். ஐஸ் உருகி வழிகிற தண்ணியில் உப்பு இருக்கிறது. அது தளத்தின் நடுவில் நிற்காது, ஓரத்து மடிப்புக்கும், தளத்துக்கு அடியில் குறுக்குச் சட்டம் சேருகிற சந்துக்கும் போய்ச் சேரும். உப்பளத்திலிருந்து வரும் உப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது காற்றிலிருக்கிற ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். வெயிலில் காய்ந்துவிட்டது என்று நீ நினைத்தாலும், உங்கள் ஊர்க் கடல்காற்றுக்கு ராத்திரி மறுபடியும் ஈரமாகிவிடும்.

தங்கச்சி சொன்ன ரப்பர் மேட்டைப் பற்றியும் எழுதுகிறேன். கிரேட் நழுவாமல் இருக்க மேட் நல்லதுதான். ஆனால் தண்ணி அதற்கு அடியில் புகுந்துவிட்டால் வெளியே வர வழியில்லை. எங்கள் தெருவில் ஒரு மீன் வண்டி இருக்கிறது. மேலே பார்த்தால் மேட் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கும். போன மாதம் அவர் ஒரு மூலையைத் தூக்கிக் காட்டினார். பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஒரு கொப்புளத்தை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினார், முனை தகட்டைத் துளைத்துக்கொண்டு அடியில் எட்டிப் பார்த்தது. மேட் போடுகிறவர்கள் வாரம் ஒரு தடவையாவது அதைச் சுருட்டி வெளியே எடுத்து, இரண்டையும் கழுவிக் காயவிட வேண்டும். அது முடியாது என்றால் மேட்டே வேண்டாம்.

அலுமினியத் தகடு எடை குறைவு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க நடுவில் உப்புத்தண்ணி நின்றால், பேட்டரியில் நடப்பதுதான் அங்கேயும் நடக்கும். அலுமினியம் பொடிப் பொடியாக உதிர்ந்துபோகும். உன் வேலைக்கு அது சரிப்படாது.

நான் சொல்வது ஃபைபர். உங்கள் ஊரில் ஃபைபர் போட் செய்கிறவர்களும் உடைந்த போட்டுக்கு ஒட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். வருஷம் முழுக்க உப்புத்தண்ணியில் கிடக்கிற போட்டுக்கு ஆகிற சரக்கு உன் வண்டிக்கு ஆகாமலா போகும்? அவர்களிடம் 3 மி.மீ. கனத்தில், ஒரே துண்டாக, மூன்று பக்கமும் ஒரு சாண் ஏறி நிற்கிற மாதிரி ஒரு டிரே செய்யச் சொல். பின் டோர் பக்கம் மட்டும் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். எடை 30 கிலோவைச் சுற்றித்தான் வரும். ஒரு பின்மூலையில் துளை விட்டு, ஹோஸ் இணைத்து, அடியில் ஒரு கேனில் விடு. மீன் தண்ணி ரோட்டில் ஒழுகினால் பின்னால் பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுவான், அதை நாம் செய்யக் கூடாது.

அந்த டிரேயைத் தளத்தோடு ஒட்டச் சொல்லாதே. வெயிலில் இரும்பு விரிகிற அளவும் ஃபைபர் விரிகிற அளவும் ஒன்றல்ல. கொஞ்ச நாளில் ஓரம் பிரிந்து, அதற்குள் உப்புத்தண்ணி புகுந்துகொள்ளும். தளத்தில் ரப்பர் பட்டைகளை நீளவாக்கில் வைத்து அதன்மேல் டிரேயை உட்கார வை. அடியில் காற்றோட்டம் இருக்கும், தகரமும் உரசாது. மாதம் ஒரு தடவை இரண்டு பேர் சேர்ந்து வெளியே தூக்கிவிட்டுத் தளத்தைக் கழுவு.

டிரே வருவதற்கு முன்னால் இப்போது இருக்கிற துருவைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, நல்ல தண்ணியில் கழுவி, நன்றாகக் காயவிட்டு எப்பாக்ஸி பிரைமர், அதற்கு மேல் பெயிண்ட். ரெட் ஆக்சைடை மட்டும் பூசி விட்டுவிட்டால் அது ஈரத்தைத் தடுக்காது. எங்காவது வெல்டிங் வைக்க வேண்டி வந்தால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொல், இல்லாவிட்டால் எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டரான இசிஎம் போய்விடும். வெல்டிங் வைத்த இடத்துக்கு நேர் அடியில் பெயிண்ட் கருகியிருக்கும். கீழே படுத்துப் பார்த்து அங்கேயும் பெயிண்ட் அடிக்க வை. பெரும்பாலான பட்டறையில் அதை விட்டுவிடுவார்கள், துரு அங்கிருந்துதான் கிளம்பும். அப்புறம், தினமும் லோடு இறக்கியதும் நல்ல தண்ணி விட்டு அலசி, மூக்கு மேடாக இருக்கிற மாதிரி வண்டியை நிறுத்து. தண்ணி தானாகப் பின்பக்கம் வடிந்துவிடும். செலவே இல்லாத வைத்தியம் இது.

இனி மைலேஜ். பத்து வருகிறது, சில நாள் எட்டுதான் என்று எழுதியிருக்கிறாய். எப்படி அளந்தாய் என்று எழுதவில்லை. டேஷ்போர்டு முள்ளைப் பார்த்துக் கணக்கிடாதே. ஒரே பெட்ரோல் பங்கில், பம்ப் தானாக நிற்கிற இடம் வரை ஃபுல் டேங்க் போட்டு, கிலோமீட்டரைக் குறித்துக்கொள். அடுத்த தடவை அதே மாதிரி போட்டு வகுத்துப் பார். லோடோடு போனது, காலியாக வந்தது, டவுனுக்குள் ஓடியது எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதி வை. டீசல் 90 ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் இந்த நோட்டு இல்லாமல் தொழில் செய்ய முடியாது.

உனக்கு டீசல் போகிற இடம் மதுரை ரோடு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான்கு வழிச்சாலை, ராத்திரி, காலி ரோடு, கால் தானாக அழுத்தும். காற்று எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60இல் போகிறபோது இருப்பதைப் போல 80இல் ஏறத்தாழ 1.8 மடங்கு. பிக்கப்புக்கு முகமும் தட்டை. மத்திய அரசின் எரிபொருள் சிக்கன அமைப்பான பி.சி.ஆர்.ஏ. 45-லிருந்து 55-க்குள் ஓட்டினால்தான் எரிபொருள் மிச்சம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறது. மீன் வண்டிக்கு அது கட்டுப்படியாகாது, எனக்கும் தெரியும். ஆனால் மதுரை வரைக்குமான 140 கிலோமீட்டரை 80-க்குப் பதில் 60-இல் போனால் கூடுவது 35 நிமிஷம்தான். அரைமணி முன்னால் கிளம்பிவிடு.

பின் டோரை இறக்கிவிட்டு ஓட்டினால் காற்று வழியே போய் மைலேஜ் கூடும் என்று உன் கூட்டாளி சொன்னதை நம்பாதே. அமெரிக்காவில் பிக்கப்பைக் காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தியே பார்த்திருக்கிறார்கள். டோர் மூடியிருந்தால் பாடிக்குள் காற்று சுழன்றுகொண்டு நிற்கும், மேலே வருகிற காற்று அதன்மேல் வழுக்கிப் போய்விடும். திறந்தால் அந்தச் சுழல் கலைந்து இழுவை கூடுகிறது. நம் வண்டியில் டோர் தொங்கினால் நம்பர் பிளேட்டும் பின் லைட்டும் வேறு மறைந்துவிடும், ராத்திரியில் அது உயிருக்கே ஆபத்து. தார்ப்பாய் கட்டும்போது முன்பக்க விளிம்பில் காற்று புகாமல் இழுத்துக் கட்டு. படபடவென்று அடிக்கிற தார்ப்பாய் டீசலையும் தின்னும், தானும் கிழியும்.

மற்றதெல்லாம் சில்லறை, ஆனால் சேர்ந்தால் பெரிசு. டயர் காற்றை வண்டி சூடாவதற்கு முன்னால் பார், பின் சக்கரத்துக்கு லோடுக்கான அளவு ஸ்டிக்கரில் இருக்கும். உப்பு வண்டியில் பிரேக் டிரம் துருப்பிடித்துக் கவ்விக்கொள்ளும். ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு வீல் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிப் பார், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் மெக்கானிக்கிடம் விடு. வண்டி 2020 ஏப்ரலுக்கு அப்புறம் புதுப் புகை விதிப்படி வந்த பிஎஸ்6 என்றால், சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் இருக்கும். உப்பளத்துக்கும் குடோனுக்குமாகக் குட்டி குட்டி நடை அடித்தால் அது அடைத்துக்கொள்ளும், அதை எரித்துத் தள்ள எஞ்சின் கூடுதல் டீசல் செலவழிக்கும். வாரம் ஒரு தடவை நீளமாக ஓடவிடு. மதுரை நடை இருப்பதால் உனக்கு அந்தக் கவலை குறைவு.

கொடைக்கானலுக்கு லோடு கிடைத்தால் ஒன்று மட்டும் மறக்காதே. இறக்கத்தில் நியூட்ரலில் விடாதே. கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இப்போதைய எஞ்சின் டீசலை அடியோடு நிறுத்திக்கொள்ளும், நியூட்ரலில் ஐடிலிங்குக்கு டீசல் போய்க்கொண்டே இருக்கும். பிரேக்கும் சூடேறிக் கைவிட்டுவிடும். நீ பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும், மாப்பிள்ளை. அதற்கு முன்னால் மைலேஜ் ஒன்றுமே இல்லை.

ஆர்.சி.யில் மொத்த எடையும் காலி எடையும் இருக்கிற பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. தளத்தின் சரியான அளவையும் டேப் வைத்து அளந்து எழுது. டிரேக்கு ரப்பர் பட்டை எத்தனை, எங்கே வைக்க வேண்டும் என்று படம் போட்டு அனுப்புகிறேன். மருமகனுக்கு என் அன்பு.

உன் பழைய ஐ.டி.ஐ. பெஞ்சு நண்பன்