அரிசி வேறு, சோறு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் கலோரிக் கணக்கு பற்றி ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. அதன் கடைசிப் பத்தியில், "கணக்கு எழுதியும் எடை குறையவில்லை என்பவர்கள் தின்றதை மறைக்கிறார்கள்" என்று ஒரு வரி. 'தின்றதை' என்று போட்டிருக்கிறீர்கள். 'சாப்பிட்டதை' என்றுகூட இல்லை. நான்கு நாளாகத் தையல் மெஷினில் உட்கார்ந்தால் அந்த வரிதான் மனதில் ஓடுகிறது.

நான் கோலாலம்பூர் செந்தூலில் 27 ஆண்டுகளாகத் தையல் வேலை செய்கிறவள். சென்ற ஆண்டு இனிப்புநீர் (நீரிழிவு) என்று தெரிந்த நாளிலிருந்து 555 புத்தகத்தில் கணக்கு எழுதுகிறேன். என் அம்மா தோட்டத்துக் கடையில் பாக்கி எழுதிய அதே சின்னப் புத்தகம். இதுவரை ஆறு தீர்ந்திருக்கிறது. பேரப்பிள்ளை மிச்சம் வைத்த அரை பிஸ்கட்டைக்கூட எழுதியிருக்கிறேன். கட்டுரை எழுதியவர் வந்து பார்க்கலாம்.

அந்தக் கட்டுரையின் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள்: "அரிசி 100 கிராம் – 130 கலோரி." இதே கட்டம் தங்கள் இதழில் முன்பும் ஒரு முறை வந்தது. அதை வெட்டி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டி வைத்தவள் நான். நாளுக்கு 150 கிராம் அரிசியைத் தராசில் நிறுத்து உலையில் போட்டு, 195 என்று எழுதிக்கொண்டு வந்தேன். மூன்று வாரம் ஆகியும் எடை அசையவில்லை. கிளினிக்கில் இருந்த உணவு ஆலோசகர் என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "அரிசியா நிறுத்தீங்களா, சோறா நிறுத்தீங்களா?" என்று கேட்டார். அந்தப் பெண் கேட்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. 130 என்பது வெந்த சோற்றுக்கு. வேகாத அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 360 கலோரி இருக்கிறது. தண்ணீரை இழுத்து இரண்டரை மடங்குக்கு மேல் கனத்த பிறகுதான் 100 கிராமுக்கு 130 ஆகிறது. நான் 195 என்று எழுதிய இடத்தில் உடம்புக்குள் போனது 540. மூன்று வாரத்தில் ஏட்டுக்கு வராமல் போனது 7,000 கலோரிக்கு மேல். கிட்டத்தட்ட ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சமம் என்கிறார்கள். இதில் மறைத்தது யார், ஐயா?

பொட்டலங்களில் எழுதியிருப்பது மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். 'தெனாகா' என்றால் கலோரியைச் சொல்கிறார்கள் என்பது என் வயதுப் பெண்கள் பலருக்குத் தெரியாது. அவர்கள் நம்புவது தமிழ்ப் பத்திரிகையை. இது தங்களுக்குத் தெரியாததல்ல.

சோற்றைத் திட்டுகிறவர்கள் எண்ணெயைப் பார்ப்பதில்லை. 2 வெள்ளி 50 காசு விலையில் வாங்கும் 1 கிலோ எண்ணெய்ப் பை எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஒன்பது நாள் வருகிறது. பை பிரித்த தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, ஒரு பை 9,000. நாளுக்கு ஆயிரம், தலைக்கு 250. தாளிப்பிலும் பிரட்டலிலும் போய்விடுவதால் யார் கண்ணிலும் படாது. தங்கள் கட்டத்திலும் எண்ணெய் இல்லை. மாமாக் கடையில் ஆற்றிக் கொடுக்கும் பால் தேநீரான தே தாரிக்கும் அப்படித்தான். இரண்டு மேசைக்கரண்டி டின் பாலிலேயே 130 கலோரி வந்துவிடுகிறது. குடிப்பது சாப்பாட்டுக் கணக்கில் வராது என்று நினைத்து முதல் இரண்டு மாதம் அதை எழுதாமல் விட்டேன். டின்னில் அடைத்து விற்கும் இனிப்புப் பானத்துக்கு 2019 ஜூலையிலிருந்து வரி போட்டார்கள். கடையில் ஆற்றிக் கொடுக்கும் தேத்தண்ணிக்கு வரியும் கிடையாது, கலோரி எழுதிய சீட்டும் கிடையாது. எனக்குத் தெரியாமல் போனதை மறைத்தேன் என்று சொல்ல முடியுமா?

இதைவிட மனம் நொந்தது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். தலையை வெட்டிவிட்டு, சேலை கட்டிய ஒரு பெண்ணின் இடுப்பை மட்டும் போட்டிருந்தீர்கள். உடல் பருமன் என்றாலே இப்படித்தான் போடுகிறீர்கள். முகம் தெரியாவிட்டால் போதும் என்று நினைக்கிறீர்களா? அந்த ரவிக்கையைத் தைத்தவளுக்கு அது யாரென்று தெரியும். என்னிடம் அளவு கொடுக்க வருகிற பெண்கள், டேப்பு இடுப்பைச் சுற்றும்போது, "அக்கா, சத்தமா சொல்லாதீங்க" என்பார்கள். நான் வாய் திறக்காமல் எழுதிக்கொள்வேன். தீபாவளிக்குத் தைக்கும் ரவிக்கையில் உள்ளே இரண்டு விரல் துணி விட்டுத் தைப்பேன், பொங்கலுக்குப் பிரித்துவிடத் தோதாக.

என் அம்மா பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பேர் கொடுக்கும் இடத்துக்குப் போய், மரம் மரமாக நடந்து வெட்டி, காண்டாக் கம்பில் பால் வாளியைத் தூக்கி வந்து, மத்தியானம் ஒரு சட்டி சோறு சாப்பிடுவார். கடைசிவரை மெலிந்த உடம்புதான். நான் அதில் பாதிகூடச் சாப்பிடுவதில்லை. ஆனால் நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவர், பத்துப் பேர் காத்திருந்த இடத்தில், "உங்க ஆளுங்க சோத்த விடமாட்டீங்க" என்றார். அன்று அவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று அதையே தமிழில் அச்சடித்து என் வீட்டு வாசலில் போடுகிறீர்கள்.

2023 தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல் அல்லது உடல் பருமன் என்று வந்தது. அவர்கள் எல்லாரும் மறைக்கிறவர்களா? அந்தக் கட்டுரைக்கு நேர் கீழே, பத்தே நாளில் மெலிய வைக்கும் தேநீர் என்று ஒரு விளம்பரம். அதற்கு மட்டும் கணக்குக் கேட்கவில்லையே.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த ஞாயிறு அந்தக் கட்டத்தைத் திருத்திப் போடுங்கள். 'அரிசி' என்ற இடத்தில் 'வெந்த சோறு' என்று போட்டு, வேகாத அரிசிக்குத் தனி வரி கொடுங்கள். எண்ணெய்க்கு ஒரு வரி. கிராமோடு, ஓர் அகப்பை, ஒரு கரண்டி என்ற அளவும் இருக்கட்டும். பழைய கட்டம் இன்னும் என் சுவரில்தான் இருக்கிறது. புதியது வந்ததும் அதன் மேலேயே ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல்காரி ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்